எந்த மோடில் போட்டாலும் ஒரே இரைச்சல்

நோர்மலில் போட்டாலும் அதே இரைச்சல், ஸ்போர்ட்டில் போட்டாலும் அதே இரைச்சல். கல்முனைப் பக்கமிருந்து கராஜுக்கு வந்த காரின் முறைப்பாடு இவ்வளவுதான். கார் ஓடும் விதத்தை மாற்றுகிற பட்டனைத்தான் மோட் என்கிறோம்: நோர்மலில் அமைதியாகப் போக வேண்டும், ஸ்போர்ட்டில் உறும வேண்டும். இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், டர்போ, ஜெர்மன் தயாரிப்பு, பத்து வயதுக்கு மேல். அதற்கு அப்பால் காரின் பெயரை எழுதப் போவதில்லை. மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரைக்கும் இந்தக் கரையோரத்தில் இப்படியான கார்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

கார் வாப்பா ஹாஜியாருடையது, ஓடுவது மகன். இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தார்கள். ஹாஜியார் முதலில் தொடங்கினார்: "தம்பி, தெருவுக்குள்ள திரும்பக்குள்ளயே ஊருக்கெல்லாம் தெரியுது. சத்தத்தக் குறைச்சுத் தாங்க." மகன் அவருக்குப் பின்னால் நின்று மெதுவாகச் சொன்னான்: "ஸ்போர்ட்ட அமத்தினா ஒரு வித்தியாசமும் இல்ல அண்ணன். லைட் மட்டும் பத்துது." ஒருவருக்குச் சத்தம் கூடிப்போய்விட்டது, மற்றவருக்குக் கூடவே மாட்டேன் என்கிறது. கேட்க இரண்டு முறைப்பாடு மாதிரி இருந்தாலும் ஒரே பழுதுதான். சத்தம் எந்நேரமும் உச்சத்தில் நின்றால் பட்டனை அமத்திக் கூட்டுவதற்கு என்ன மிச்சம் இருக்கப் போகிறது?

எங்களிடம் வரும் முன்பே இரண்டு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் சைலன்சர் உள்ளே உடைந்துவிட்டது, பின்பெட்டி (காரின் பின்னால் தொங்கும் சைலன்சர் பெட்டி) முழுவதையும் வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க வேண்டும் என்று சொல்லி ஒரு விலையும் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காசுக்கு இங்கே ஒரு நல்ல மோட்டர் சைக்கிள் வாங்கலாம். இன்னொரு இடத்தில் பின்பெட்டியை வெட்டிவிட்டு வான் சைலன்சர் ஒன்றைப் பற்றவைத்துத் தருகிறோம் என்றார்களாம். சத்தம் குறையும், பொய்யில்லை. கூடவே வேறு பலதும் குறையும்.

சைலன்சரைக் கழற்றுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மோட் மாற்றும்போது நமக்குக் கேட்கிற வித்தியாசம் எல்லாமே சைலன்சரிலிருந்து வருவதில்லை. பெரும் பங்கு கியரில் இருந்து வருகிறது. நோர்மலில் அறுபதில் போகும்போது கியர்ப்பெட்டி ஆறாம் கியரைப் போட்டு எஞ்சினைத் தூங்கவைத்திருக்கும். ஸ்போர்ட்டை அமத்தியதும் நாலாம் கியருக்கு இறங்கி எஞ்சினை எழுப்பிவிடும். அதோடு அக்சிலேட்டர் மிதிப்புக்கும், எஞ்சினுக்குக் காற்று விடும் துரொட்டில் வால்வின் திறப்புக்கும் உள்ள கணக்கும் மாறும். கால் வைத்த அளவு அதேதான், ஆனால் காற்று கூடப் போகும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. ஆறு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. 1800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1800 சுற்று) செக்கனுக்கு 90, 3000 ஆர்பிஎம்மில் 150. சுருதியே ஏறிவிடுகிறது. சைலன்சரில் ஒரு ஆணிகூட அசையாமல் "ஸ்போர்ட் சத்தம்" வருவது இப்படித்தான்.

போதாததற்கு ஸ்பீக்கர் வித்தை வேறு. 2011இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, எஞ்சின் சத்தத்தைக் காருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் வழியாகவும் போட்டுக் காட்டியது. முதல் தலைமுறை டொயோட்டா 86இல் அந்த மோசடி இல்லை. எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்திலிருந்து ஒரு குழாயைப் பிரித்து அந்த உறுமலைக் காருக்குள் கொண்டுவருவார்கள். நான் "மோசடி" என்று எழுதியது வேண்டுமென்றுதான். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளே இருந்து கேட்டதை வைத்துச் சைலன்சருக்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன்.

ஆகவே முதல் வேலை ரோட்டில். வாழைச்சேனை தாண்டி ஏ15 வீதியில் காயாங்கேணிப் பக்கம் போனால் ஆள் நடமாட்டம் குறைவு, யாருடைய காதுக்கும் தொல்லையில்லை. அவ்வளவு தூரம் ஓடினால் சைலன்சரும் பின்பெட்டி வரை நன்றாகச் சூடேறிவிடும். செய்முறை மிகவும் லேசானது. கியரை மெனுவலில் போட்டு மூன்றாம் கியரிலேயே நிறுத்த வேண்டும். வேகம் ஒரே அளவில், கண்ணாடி இறக்கி, பக்கத்தில் இருப்பவர் மட்டும் மோட் பட்டனை மாற்றி மாற்றி அமத்த வேண்டும். கியர் மாறாததால் ஆர்பிஎம் மாறாது. அப்போதும் சத்தம் மாறினால் சைலன்சர் தன் வேலையைச் செய்கிறது. எங்கள் காரில் ஆர்பிஎம் முள்ளும் அசையவில்லை, சத்தமும் அசையவில்லை. கியரை மறுபடி ஓட்டோவுக்குக் கொடுத்து ஸ்போர்ட்டை அமத்தினால் முள் ஏறிச் சத்தமும் ஏறியது. கியர்ப்பெட்டிக்கு உத்தரவு போகிறது, சைலன்சரில்தான் யாரோ அதைக் கேட்கவில்லை என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

திரும்பி வந்து எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கப் பின்னால் குந்தியிருந்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். இந்தக் காருக்கு வலது இடது என்று இரண்டு வால்குழாய். இடது குழாய்க்குள் ஒரு சாண் ஆழத்தில் ஒரு வட்டத் தகடு, நடுவே அது சுழலும் அச்சாக ஒரு சாஃப்ட். பட்டர்ஃபிளை வால்வு என்று புத்தகத்தில் இருக்கும், கராஜில் ஃப்ளாப் என்போம். நோர்மலில் ஐட்லிங்கில், அதாவது கால் வைக்காமல் எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டு நிற்கும்போது, அது குழாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே தகடு கிடையாகத் திரும்பி நின்றது. அதன் விளிம்பு மட்டும் ஒரு கோடு போலத் தெரிந்தது. விரலை விட்டுக் குழாய் வாயைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு குழாயிலும் ஒரே அளவு கரி. ஃப்ளாப் ஒழுங்காக மூடித் திறக்கிற காரில் அந்தப் பக்கக் குழாயில் கரி குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் பாதி நேரம் அதால் புகையே போகாது. இது நேற்று இன்று வந்த பழுதல்ல, கனகாலமாகத் திறந்தபடியே கிடக்கிறது.

பின்பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃப்ளாப் மூடியிருந்தால் புகை அறை அறையாகச் சுற்றி வளைந்து நீண்ட பாதையால் வலது குழாய்க்கு வருகிறது. அந்த அறைகளின் அளவும் இடைக் குழாய்களின் நீளமும் கீழ்ச்சுருதிச் சத்தத்தைப் பிடித்துத் தின்பதற்கென்றே கணக்குப் பார்த்து வைக்கப்பட்டவை. 100 ஹேர்ட்ஸ் சத்தத்தை ஒரு முனை அடைத்த பக்கக் குழாயால் அடக்க வேண்டும் என்றால் அலைநீளத்தில் காற்பங்கு நீளம் வேண்டும். சுமார் 300 பாகை செல்சியஸ் சூட்டில் சத்தம் செக்கனுக்கு 480 மீற்றர் அளவில் போகும். ஆகவே அந்தக் குழாய் கிட்டத்தட்ட 1.2 மீற்றர் வரும். அவ்வளவு நீளத்தை எங்கே வைப்பது? அதனால்தான் பெட்டிக்குள் அறையும் கழுத்துமாகச் செய்து அதே வேலையை வாங்குகிறார்கள். ஃப்ளாப் திறந்தால் இந்தச் சுற்றுப்பாதைக்கெல்லாம் வேலையில்லை, புகை குறுக்குவழியால் நேரே வெளியே வந்துவிடும். நெடுந்தூரம் போகும்போது 1800 ஆர்பிஎம்மில் காதை அடைத்துத் தலையிடி தருகிற அந்த "ஊம்" சத்தம் இருக்கிறதே, மகன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, வாப்பா அதையும் சொல்லியிருந்தார்.

இனி முக்கியமான இடம். இந்த வகைக் கார்களில் ஃப்ளாப்பைத் திருப்புவது கரண்ட் மோட்டர் அல்ல, வக்யூம். எஞ்சின் பக்கமிருந்து உறிஞ்சல் ஒரு மெல்லிய ஹோஸால் பின்னுக்கு வருகிறது. வழியில் ஒரு ஒருவழி வால்வு, உறிஞ்சலைச் சேமித்து வைக்க ஒரு சின்னப் பேணி, அதற்குப் பிறகு ஒரு சொலினொயிட் (கரண்டால் திறந்து மூடும் வால்வு), கடைசியில் சைலன்சர் ஓரத்தில் டயஃப்ரம் என்கிற ரப்பர்த் தோல் உள்ள ஒரு தகரப் பேணி. உறிஞ்சல் வந்தால் டயஃப்ரம் கம்பியை இழுத்து ஃப்ளாப்பை மூடும். உறிஞ்சல் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தள்ளித் திறந்துவிடும். ஏன் திறந்த பக்கம் இயல்பாக வைத்தார்கள் என்றால், பழுதுபட்டாலும் எஞ்சின் மூச்சு விட வேண்டும். மூடியபடி பழுதானால் முழு வேகத்தில் புகை வெளியேற வழி காணாது.

இதிலிருந்து ஒரு சூத்திரம் வைத்துக்கொள்ளலாம். வக்யூம் வகைக் காரில் எந்நேரமும் இரைந்தால் உறிஞ்சல் எங்கோ ஒழுகுகிறது, அல்லது வரவேயில்லை. எந்நேரமும் அமைதி என்றால் சாஃப்ட் மூடிய நிலையில் இறுகியிருக்கிறது, அல்லது சொலினொயிட் விடவில்லை. ஐட்லிங்கில் அமைதி, ஆனால் கால் வைத்தவுடன் எல்லாம் இரைச்சல் என்றால் முதலில் அந்த ஒருவழி வால்வைப் பாருங்கள். டர்போ எஞ்சின் அமுக்கத்துக்குப் போகும்போது உள்ளெடுப்புக் குழாயில் உறிஞ்சல் இருக்காது. வால்வு பிடிக்காவிட்டால் பேணியில் சேர்த்து வைத்ததும் போய்விடும். புதிய கார்களில் இதெல்லாம் இல்லை. சைலன்சரிலேயே மோட்டர், அதற்கு ஒரு நிலை உணர்வான், இறுகினால் ஸ்கேனரில் பழுதுக் கோட் விழும். எங்கள் காரில் ஸ்கேனர் போட்டபோது ஒரு கோடும் விழவில்லை. விழாது. தகடு திரும்பியதா என்று பார்க்க அங்கே ஒன்றுமில்லை, கட்டளை போட்டதோடு கணினிக்குத் திருப்தி.

பின் பம்பரைக் கழற்றி டயஃப்ரம் பேணியிலிருந்து ஹோஸை இழுத்து விரலை வைத்தேன். உறிஞ்சலே இல்லை. அப்படியானால் பேணி நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிவது? கையால் அடிக்கும் வக்யூம் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாதவர்கள் பாமசியில் 60 மில்லி சிரிஞ்ச் கேளுங்கள், நோயாளிக்குக் குழாயால் பால் கொடுக்கிற பெரியது. அதன் கூம்பு வாய் ஹோஸுக்குள் சரியாக இறுகும். சிரிஞ்சை இழுத்துப் பிடித்தால் பிஸ்டன் கையைத் திரும்ப இழுக்க வேண்டும், விட்டால் பழைய இடத்துக்கு ஓட வேண்டும். இழுத்துப் பிடித்தபடி நூறு வரை எண்ணினேன், இழுவை குறையவில்லை. டயஃப்ரம் ஓட்டையில்லை. நல்ல செய்தி. ஆனால் அந்த நூறு எண்ணும் நேரமும் கம்பி ஒரு நூல்கூட அசையவில்லை. அது கெட்ட செய்தி.

ஹோஸைப் பின்தொடர்ந்து முன்னுக்குப் போனால், சொலினொயிட்டுக்குப் பக்கத்தில் முழங்கை போல வளைந்த ஒரு ரப்பர் எல்போ. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. பெருவிரலால் மடக்கியபோது வாய் பிளந்தது. உள்வளைவில் நீளத்துக்கு வெடிப்பு. பத்து வருடச் சூட்டில் ரப்பர் பிஸ்கட்டாகிவிட்டது. இலங்கைக்குள் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த காரையே எல்லோரும் இழுத்துப் பிடித்து ஓடியதால் இப்போது கராஜுக்கு வருவதில் பாதிக்குப் பாதி ரப்பர் பழுதுதான். ஆளுக்கு வயசு போனால் முழங்கால், காருக்கு வயசு போனால் ஹோஸ்.

எல்போவைத் தற்காலிகமாக ஒரு துண்டு ஹோஸால் இணைத்துவிட்டு மல்ரிமீற்றரை சொலினொயிட் வயரில் பிடித்தேன். எஞ்சின் ஓட, நோர்மலில் பற்றரி அளவு வோல்ற் வந்தது. ஸ்போர்ட்டை அமத்தியதும் சுழி. திரும்ப நோர்மல், திரும்ப வோல்ற், கூடவே விரலுக்குள் ஒரு சின்ன டிக். மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். இவ்வளவு நாளும் வேலை செய்யவில்லை என்று அவன் திட்டிக்கொண்டிருந்த பட்டன் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இந்தக் காரில் ஸ்போர்ட் மோட் சைலன்சருக்குச் செய்வது அந்த ஒரு வயரில் கரண்டை நிறுத்துவது மட்டுமே. இவ்வளவுதானா என்று அவன் முகம் விழுந்துவிட்டது.

உறிஞ்சல் வந்த பிறகும் ஃப்ளாப் அசையாததற்குக் காரணம் சாஃப்ட். இரண்டு பழுதும் ஒன்றுக்கொன்று சொந்தம். எல்போ வெடித்ததால் ஃப்ளாப் மாதக்கணக்கில் திறந்தபடியே கிடந்தது, அசையாமல் கிடந்ததால் துருப்பிடித்து இறுகியது. நம்முடைய கரையில் இதற்கு வேண்டிய எல்லாமே உண்டு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் ரோட்டு. உப்புக் காற்று வெளியிலிருந்து தின்னும். உள்ளேயிருந்து தின்பது தண்ணீர்: ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக சைலன்சருக்குள் வருகிறது. நீண்ட தூரம் ஓடினால் சூட்டில் வெளியே போய்விடும். வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கு என்று ஓடுகிற காரில் அது பெட்டிக்குள்ளேயே குளிர்ந்து தேங்கும். துருப்பிடிக்காத உருக்கு என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் கார் சைலன்சருக்கு அதிகம் போடுவது 409 தரம். குரோமியம் குறைவு, மேலால் மண்ணிறத்தில் துருப்பிடிக்கும். பெட்டி லேசில் ஓட்டையாகாது. சாஃப்ட் போகிற சின்னத் துவாரத்துக்குள் அந்த மண்ணிறத் தூள் நிறைந்தால் போதும், எல்லாம் முடிந்தது.

இந்த இடத்தில் ஆட்கள் செய்கிற வேலை சுத்தியலை எடுப்பது. எடுக்க வேண்டாம். சாஃப்ட் பென்சில் தடிப்புக்கும் குறைவு, தகடு அதில் இரண்டு புள்ளி வெல்டில்தான் நிற்கிறது. முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி ஊதிக் காயவைத்தோம். துரு இளக்கும் ஒயிலை இரண்டு பக்கத் துவாரத்திலும் அடித்து இரவு முழுக்க ஊறவிட்டோம். காலையில் ஹீட் கன்னால் சூடாக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, மிச்சச் சூடு இருக்கும்போதே திரும்ப ஒயில் அடித்தோம். சூடான இரும்பு ஆறும்போதுதான் ஒயிலை உள்ளே இழுக்கும். கம்பியைக் கழற்றிவிட்டு சாஃப்ட்டின் நெம்புகோலைக் குறடால் பிடித்து, திறக்கிற பக்கம் கொஞ்சம், மூடுகிற பக்கம் கொஞ்சம் என்று ஆட்டினேன். முதலில் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைவு. பிறகு ஒரு கீச்சொலி. அந்தக் கீச்சொலி கேட்டதும் கராஜில் வேலை பார்க்கிற பெடியன் "வந்திட்டுது" என்று கத்தினான். வரவில்லை, அதற்குப் பிறகும் ஒரு முழுக் காலை போயிற்று. மூடுகிற பக்கத்துக்கு வலிந்து தள்ளினால் சாஃப்ட் முறுகும், அப்படி முறுகினால் பின்பெட்டிக்கு ஓடர் கொடுக்க வேண்டியதுதான். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மண்ணிறச் சேறு வெளியே வரும். பித்தளைத் தூரிகையால் துடைத்துவிட்டு மறுபடி ஒயில். கடைசியில் ஒரு விரலால் தள்ளினாலே தகடு போய் வந்தது.

இறுதியில் என்ன பூசுவது என்பதில் கவனம் தேவை. சாதாரண கிறீஸ் பூசினால் சூட்டில் எரிந்து கரியாகி முன்பிருந்ததைவிட மோசமாக இறுகும். பிறேக் வேலைக்குப் பாவிக்கிற செப்புப் பசையை மெல்லியதாகப் பூசினேன். கிறபைட் தூளும் சரி.

ஹோஸ் விஷயத்தில் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. மூன்றரை மில்லிமீற்றர் உள்விட்டம், வெளியே நூல் பின்னல் உள்ளது வேண்டும். இங்கே கடைகளில் கிடைத்த சிலிக்கோன் ரியூப் நிறம் நிறமாக அழகாகத்தான் இருந்தது. ஆனால் சுவர் மெல்லியது. உறிஞ்சல் ஏறியதும் வளைவில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு தெரிந்த கடைக்குச் சொல்லி இரவு பஸ்ஸில் பார்சல் போடுவித்தோம். எல்போவும் அதோடு வந்தது. சைலன்சருக்குக் கிட்டப் போகிற கடைசி முழ நீளத்துக்குச் சூடு தாங்கும் உறை மாட்டினோம். பின்பெட்டிக்குச் சொன்ன விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சாமான்களின் விலை ஒரு பொருட்டே இல்லை.

பூட்டி முடித்து எஞ்சினைத் திருகியதும் ஹாஜியாரின் முகம் கறுத்தது. இரைச்சல் முன்பு மாதிரியே இருந்தது. "மறுகா என்ன தம்பி, ஒண்டும் நடக்கலையே?" ஒரு நிமிடம் பொறுங்கள் என்றேன். குளிர்ந்த எஞ்சினை எடுத்ததும் கணினி ஐட்லிங்கை உயர்த்தி, தீப்பொறியை வேண்டுமென்றே பிந்தவைக்கும். வெடிப்பின் சூட்டில் பெரும் பகுதி சிலிண்டரில் வேலை செய்யாமல் வெளியே போய் கட்டலிற்றிக் கொன்வேட்டரைச் சூடாக்கும். அது 250, 300 பாகைக்கு வராமல் நச்சுப் புகையைச் சுத்திகரிக்காது. இந்தக் காரில் அந்த நேரம் முழுக்க ஃப்ளாப்பும் திறந்தபடிதான். எல்லாம் சேர்ந்து உறுமும், பழுதல்ல. முள் மெல்ல இறங்கியது, பின்னால் ஒரு சின்ன 'டக்', தகடு மூடியது. ஹாஜியார் காரின் பின்பக்கம் வந்து குனிந்து பார்த்தார். எஞ்சின் நின்றுவிட்டதோ என்று நினைத்தாராம்.

இந்தக் காலை உறுமலால் உலகம் முழுக்க அயல் வீட்டுச் சண்டை இருக்கிறது. ஃபோர்ட் கம்பனிப் பொறியாளர் ஒருவர் தன் மஸ்டாங்கை வீட்டுக்கு எடுத்துப்போக, அயலவர் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறார். 2018 மஸ்டாங்கில் "அமைதியான ஸ்டார்ட்" வந்தது அதற்குப் பிறகுதான். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை ஃப்ளாப்பை மூடியபடியே எஞ்சினை எடு என்று காருக்குச் சொல்லி வைக்கலாம். 82 டெசிபல் 72க்கு இறங்கும் என்று கம்பனியே சொன்னது. எங்கள் பழைய காரில் அந்த வசதி இல்லை. காரைக் கேற்றுக்கு வெளியே தள்ளி வைத்து எடுங்கள் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன், கேட்பான் என்று நம்பிக்கை இல்லை.

அளந்தும் பார்த்தோம். போனில் உள்ள சத்தமானி துல்லியமானதல்ல, ஆனால் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் நம்பக்கூடியது. குழாய் வாயிலிருந்து அரை மீற்றர், 45 பாகை சாய்வில், வெட்டவெளியில். தகரக் கொட்டகைக்குள் அளந்தால் எதிரொலிதான் அளவாகும், கார்பன் மொனொக்சைட்டும் உள்ளே தேங்கும். ஒரே ஆர்பிஎம்மில் ஃப்ளாப் மூடி, திறந்து பார்த்ததில் ஏழெட்டு டெசிபல் வித்தியாசம். எட்டு டெசிபல் என்றால் சத்தத்தின் ஆற்றல் ஆறு மடங்குக்கு மேல். காதுக்கு மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தோன்றும்.

நோர்மலிலும் 3000க்கு மேலே போனால் ஃப்ளாப் தானாகத் திறக்கிறது. அது வேறு ஒரு கதை. ஐரோப்பாவில் கார்ச் சத்தத்தைச் சோதிப்பது ஏறத்தாழ 50 கிலோமீற்றர் வேகத்தில், ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து 7.5 மீற்றர் தள்ளி மைக் வைத்து. பழைய விதி அந்தச் சின்ன வட்டத்துக்குள் மட்டும்தான் பார்த்தது. கம்பனிக்காரர் கெட்டிக்காரர், சோதனை நடக்கிற வேகத்திலும் ஆர்பிஎம்மிலும் மூடு, அதைத் தாண்டினால் திற என்று கணினிக்கு எழுதிவிட்டார்கள். 2016 ஜூலையிலிருந்து வந்த புதிய விதி அந்த வட்டத்துக்கு வெளியேயும் பார்க்கிறது, எந்த மோடில் போட்டாலும் அளவுக்குள் நிற்க வேண்டும் என்கிறது. 2018 அளவில் பெற்றோல் கார்களுக்கும் புகைத்தூள் வடிகட்டி வந்து சத்தத்தை இன்னும் தின்றுவிட்டது. புதுக் கார் வாங்கியவர்கள் "பழசுபோல இல்லை" என்று குறைப்படுவது வெறும் ஏக்கம் அல்ல.

மகனுக்குக் கடைசியாக ஒரு ஆசை இருந்தது. கால் எடுக்கும்போது பட்படவென்று வெடிக்க வைக்க முடியுமா அண்ணன் என்றான். அது ஃப்ளாப்பின் வேலையல்ல. தீப்பொறியைப் பிந்தவைத்து, கால் எடுத்த பிறகும் பெற்றோலைத் தெளித்து, சைலன்சர் குழாய்க்குள் எரிய விடுவதுதான் அந்த வெடி. திறந்த ஃப்ளாப் அதை ஊருக்குக் கேட்கச் செய்யும், அவ்வளவே. கம்பனி தன் ஸ்போர்ட் மோடில் அளவாக வைத்திருப்பதை வெளியாட்கள் கணினியில் கூட்டிவிடுகிறார்கள், கொன்வேட்டர் சூட்டில் உருகிப் போகிறது. செய்யமாட்டேன் என்றேன். பொலிசும் 2025 ஜனவரியிலிருந்து சத்தம் கூட்டிய சைலன்சர்களைத் தேடிக் கழற்றுகிறது. எங்கள் ஊர் மட்டக்களப்பு பாடும் மீனுக்குப் பேர்போனது. இரவில் கல்லடிப் பாலத்தில் இந்த வெடியோடு ஒருவன் போனால் மீன் என்ன, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது.

சிலர் ஸ்போர்ட் சத்தம் எந்நேரமும் வேண்டும் என்று வக்யூம் ஹோஸைக் கழற்றி ஒரு போல்ட்டால் அடைத்துவிடுகிறார்கள். எஞ்சினுக்கு ஆபத்தில்லை. ஆனால் ஃப்ளாப் அசையாமல் கிடக்கும், இந்தக் கரையில் அப்படிக் கிடந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தீர்கள். திறக்காமலே ஓடினாலும் இதே கதைதான். வீட்டுக்கும் கடைக்குமாக 3000ஐத் தாண்டாமல் நோர்மலிலேயே ஓடும் காரில் ஃப்ளாப் மூடியபடி இறுகும்.

ஆகவே சாவியைக் கொடுக்கும்போது ஹாஜியாரிடம் சொன்னேன்: கிழமைக்கு ஒருதரமாவது காரை நீண்ட தூரம் ஓட விட்டு, சூடேறியதும் ஸ்போர்ட்டை அமத்தி, சும்மா மாற்றி மாற்றிப் போட வேண்டும். தகடு அசைந்துகொண்டே இருந்தால்தான் இறுகாது. மாதத்துக்கு ஒருதரம் அடியால் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும்.

அவர் மகன் நிற்கிற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "கழுவுறத அவனிட்ட சொல்லுங்க தம்பி. மத்தத நானே ஓடிக்கிறன்."